கோன் செட்டை விட்டுவிட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மலைப்பாதையில் ஓட்டும் பைக்குகளின் பராமரிப்பு பற்றிய கட்டுரை படித்தேன். செயின், ஏர் ஃபில்டர், டயர் காற்று எல்லாம் இருந்தது. ஹேண்டில் கோன் செட் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஹேண்டிலும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் திரும்புவதற்காக, வண்டிச் சட்டத்தின் கழுத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் பேரிங்குகள்தான் அது. சின்னமனூரில் பட்டறை வைத்து, மேகமலை ஏறி இறங்கும் வண்டிகளைப் பார்ப்பவன் நான். 2016-ல் ஹிமாலயன் பைக்கும் 2019-ல் எக்ஸ்பல்ஸ் பைக்கும் வந்த பிறகு மண் பாதை மேல் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. கோன் செட் வேலையும் கூடவே வந்தது.

பள்ளத்தில் விட்டுத்தான் கோன் போகிறது என்பார்கள். அது பாதிதான். கழற்றினால் மேல் கோன் ஓரளவு நன்றாகவே இருக்கும், கீழ் கோன்தான் போயிருக்கும். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராக அங்கேதான் படுகிறது. கிரீஸ் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு மழைத் தண்ணீர் அல்ல. மலையிலிருந்து இறங்கியதும் வண்டி நேராக வாட்டர் சர்வீஸுக்குப் போகிறது. அங்கே சேறு போகட்டும் என்று தண்ணீர் பீய்ச்சும் கன்னை ஹேண்டிலுக்கு அடியில் ஒட்டிப் பிடித்து அடிக்கிறார்கள். (கடைக்காரர்கள் கோபப்பட வேண்டாம், கேட்பதே நம் ஆட்கள்தான்.) அங்குள்ள ரப்பர் சீல் சாரலைத் தாங்கும், அந்த பிரஷரைத் தாங்காது. சக்கர பேரிங் போல இது முழுசாகச் சுற்றுவதும் இல்லை. கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், அவ்வளவுதான். ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வராது. ஒவ்வொரு குலுக்கலும் காய்ந்துபோன அதே இடத்தில் இடித்து, பேரிங் உருண்டைகள் உட்காரும் கிண்ணமான கப்பில் குழி விழுந்துவிடும்.

அப்புறம் ஹேண்டில் நேராக வரும்போது நடுவில் 'டக்'கென்று உட்காரும். இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் கையிலேயே தெரியும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் கோன் லூஸ். லூஸை டைட் செய்யலாம், விழுந்த குழியை டைட் செய்து சரிசெய்ய முடியாது. சிலர் நட்டை இன்னும் இறுக்கி அனுப்புகிறார்கள். ஹேண்டில் கெட்டியாகி, மெதுவாகப் போகும்போது வண்டி தள்ளாடும், பேரிங்கும் இன்னும் சீக்கிரம் போகும்.

பழைய கப்பிலேயே புது உருண்டைகளைப் போட்டுத் தருவதும் வேண்டாத வேலை. மாற்றினால் முழு செட்டாக மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு டேப்பர் ரோலர் (உருண்டைக்குப் பதில் ஒரு முனை சிறுத்த உருளைகள் உள்ள பேரிங்) கிடைத்தால் அதையே போடலாம். உருண்டை ஒரு புள்ளியில் தாங்கும் எடையை ரோலர் ஒரு கோட்டில் பரப்பித் தாங்கும். ஆனால் கப் முழுசாக உட்கார வேண்டும், கொஞ்சம் ஓட்டிய பிறகு ஒருமுறை டைட்டும் பார்க்க வேண்டும்.

மண்ணில் ஓட்டுவோர் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், கோனைக் கழற்றித் துடைத்து, தண்ணீரில் கரையாத கிரீஸை நிறைய வைத்தால் போதும். புது வண்டி என்றாலும் ஒருமுறை திறந்து பாருங்கள், பலதில் கிரீஸ் பேருக்குத்தான் இருக்கும். கழுவும்போது ஹேண்டில் அடியில் மட்டும் வாளித் தண்ணீரும் பிரஷும்.

இந்த வேலையைப் படங்களோடு அடுத்த இதழில் போடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடைகளில் ஒட்டுகிற மாதிரி ஒரு பக்கமாகப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
சின்னமனூர்.