நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் ஊர் சட்ட மாணவர்களோடு யார் உட்கார்ந்து பேசுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், இலவச சட்ட உதவிப் பணிக்கு ஒப்பந்த அடிப்படையில் வழக்கறிஞர்கள் தேவை என்று ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. அன்று சாயங்காலமே மூன்று பேர் எனக்கு போன் செய்துவிட்டார்கள். மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: "மேடம், இன்டர்வியூல என்ன கேப்பாங்க?" போனில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தருமபுரி நீதிமன்றத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக வழக்கு நடத்துகிறேன், சட்ட உதவி வழக்குகளும் பார்க்கிறேன். 2017இல் தருமபுரிக்கு அரசு சட்டக் கல்லூரி வந்தபோது எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். அதற்கு முன்னால் சட்டம் படிக்க வேண்டுமென்றால் சேலமோ சென்னையோ போக வேண்டும், ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூர் போவார்கள், வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அந்த ஆசையையே விட்டுவிடுவார்கள். இப்போது அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், நிறைய பேர் வீட்டில் முதல் பட்டதாரி. ஏழைகளுக்காக வழக்காட வேண்டும், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ ஏதாவது தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை அவர்களில் பலருக்கு நிஜமாகவே இருக்கிறது. ஆனால் நேர்முகத் தேர்வில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த ஆசை வாயில் வருவதில்லை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கடைசி வருட மாணவி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் அலுவலகத்துக்கு வந்தாள், கையில் பிளாஸ்டிக் ஃபைலில் பயோடேட்டா. சரி, நானே அதிகாரி என்று வைத்துக்கொள், உள்ளே வா, உட்கார் என்று சொல்லி முதல் கேள்வி கேட்டேன்: ஏம்மா இந்த வேலைக்கு வர்ற? "சமூகத்துக்கு ஏதாவது செய்யணும் மேடம், சின்ன வயசுல இருந்தே எனக்கு சமூக சேவையில ஆர்வம்." அப்புறம் இலவச சட்ட உதவி பற்றிய அரசியலமைப்பின் 39ஏ பிரிவை மனப்பாடமாக ஒப்பித்தாள். தப்பில்லாமல்தான் ஒப்பித்தாள். ஆனால் அன்றைக்கு வருகிற முப்பது பேரும் அதையேதான் சொல்வார்கள். நான் வேறு மாதிரி கேட்டேன்: உன்கிட்ட கடைசியா யார் உதவி கேட்டு வந்தாங்க, என்ன விஷயமா வந்தாங்க? கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக வந்தது. அவள் பெரியம்மாவுக்கு நூறு நாள் வேலைக் கூலி நாலு மாதமாக வரவில்லை. பணம் எப்போதோ திறந்து மறந்துபோன இன்னொரு வங்கிக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இவள்தான் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு பி.டி.ஓ. ஆபீசுக்குப் போய், வங்கிக்குப் போய், கடைசியில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் ஆபீசில் மனு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கி, மூன்று தடவை அலைந்து பணத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மனுவின் நகலைக்கூட போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தாள், காட்டினாள். தேதி, வேலை அட்டை எண், எந்தெந்த வாரக் கூலி பாக்கி என்று வரிசையாக எழுதிய சுத்தமான மனு. இதை ஏம்மா சொல்லல என்று கேட்டால், "அதெல்லாம் வீட்டு வேலை மேடம், இன்டர்வியூல எப்படி சொல்றது" என்கிறாள்.

எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் தேடுவதே இதைத்தானே? வந்தவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, எது முக்கியம் எது முக்கியமில்லை என்று பிரித்து, எந்த ஆபீசில் யாரிடம் போக வேண்டும் என்று கண்டுபிடித்து, விடாமல் பின்னால் அலைந்து முடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் நேர்முகத் தேர்வே வைக்கிறார்கள். நம் பிள்ளைகளிடம் அது இருக்கிறது. கூட உட்கார்ந்து அதை வெளியே எடுக்கத்தான் ஆள் இல்லை. நகரத்துக் கல்லூரிகளில் சீனியர்கள் இருக்கிறார்கள், ஏற்கெனவே அந்த வேலையில் இருக்கிற உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், மாதிரி நேர்முகத் தேர்வு நடக்கிறது. இங்கே கைடு மட்டும்தான், அதுவும் பழைய கைடு. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன, விசாரணைக் கைதிகளின் ஜாமீன் பற்றிக் கேட்டால் இன்னும் 436ஏ என்று பழைய எண்ணைச் சொல்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 479. எண் மட்டும் மாறவில்லை, விசாரணைக் கைதியாக இருப்பவர் இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தாலே ஜாமீனுக்குத் தகுதி என்று சட்டமே மாறியிருக்கிறது. ஆயுள் தண்டனை, மரண தண்டனை வழக்குகளுக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். சேலம் மத்திய சிறையில் நம் மாவட்டத்து ஆள் ஒருவர் ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் கிடந்தால், அவரை வெளியே கொண்டுவரப் போவது இந்தப் பிரிவைச் சரியாகத் தெரிந்த வழக்கறிஞர்தான்.

இன்னொரு கேள்வி, வழக்கமாகக் கேட்பது. மாதம் அறுபதாயிரம் சம்பளம் வாங்குகிற ஒரு பெண் வந்து கணவன் மேல் வழக்குப் போட இலவச வழக்கறிஞர் வேண்டும் என்கிறாள், கொடுக்கலாமா? நான் கேட்ட பத்து பேரில் எட்டு பேர் கூடாது என்றார்கள். 1987ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் பிரிவு 12 பெண்களுக்கு வருமான வரம்பே வைக்கவில்லை. காவலில் இருப்பவர்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். சட்ட உதவி வேலைக்கே போகிறவர் இதைத் தெரியாமல் போனால் எப்படி?

பிள்ளைகள் ரொம்பவும் தடுமாறுகிற இடம் வேறு. 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தில், ஏழைக் குற்றவாளிகளுக்காக (குற்றவாளி என்று நானே எழுதிவிட்டேன் பாருங்கள், குற்றம் சாட்டப்பட்டவர் என்பதுதான் சரி, இந்தச் சொல்லிலேயே பிள்ளைகளும் மாட்டிக்கொள்கிறார்கள்) முழு நேரமாக வழக்காடும் வழக்கறிஞர்களை மாவட்டம்தோறும் எடுக்கிறார்கள். அதில் உதவி வழக்கறிஞர் பணிக்கு, பதிவு செய்து மூன்று வருடத்துக்குள் இருக்கிறவர்களே வரலாம். இளம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. வெளியே சொந்தமாக வழக்கு எடுக்கக் கூடாது, சம்மதமா என்று கேட்பார்கள், அதற்குத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் "போக்சோ வழக்கில் மாட்டியவருக்கு நீங்கள் வாதாடுவீர்களா?" என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது. ஒரு பையன் "கண்டிப்பா மாட்டேன் மேடம்" என்றான், அவ்வளவு கோபத்தோடு. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வேலையே அதுதான். காவல் நிலையத்தில் எழுதியது எல்லாம் உண்மை என்று யாரும் தீர்ப்புக்கு முன்னால் முடிவு செய்ய முடியாது. காதலித்து ஓடிப்போன பதினேழு வயதுப் பெண்ணின் அப்பா கொடுத்த புகாரில் உள்ளே போன பத்தொன்பது வயதுப் பையனும் அதே சட்டத்தின் கீழ்தான் வருகிறான், நம் மாவட்டங்களில் இதெல்லாம் புதிது இல்லை. நிஜமாகவே தப்பு செய்தவனுக்கும் சட்டப்படி விசாரணை நடந்தால்தான் தண்டனை மேல்முறையீட்டில் நிற்கும். குறிப்பிட்ட ஆளுக்கு வாதாட மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னதே, அதுவும் கோவையிலிருந்து போன வழக்கில். இதையெல்லாம் அந்தப் பையனோடு ஒரு மணி நேரம் பேசினேன். அடுத்த வாரம் திரும்பி வந்து, "யோசிச்சேன் மேடம், வாதாடுவேன், ஆனா பாதிக்கப்பட்ட குழந்தையைக் குறுக்கு விசாரணையில அவமானப்படுத்துற மாதிரி ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன்" என்றான். இந்தப் பதிலை எந்தக் கைடிலும் பார்த்து எழுத முடியாது.

அப்புறம் மொழி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி, வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவள். பயோடேட்டாவில் மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதியிருந்தாள். ஓசூரில் சட்ட உதவி செய்யப் போகிற ஆளுக்குத் தெலுங்கும் கன்னடமும் தெரியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை, இங்கிலீஷ் சரியாக வரவில்லையே என்ற பயத்தில் மூன்று மொழி பேசுகிற பெண் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

படித்த பொதுநல வழக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றால் எல்லோரும் பீகார் விசாரணைக் கைதிகள் பற்றிய உசைனாரா கத்தூன் வழக்கைச் சொல்கிறார்கள். 1979ஆம் வருடத்து வழக்கு, நல்ல வழக்குதான். ஆனால் அரூரிலிருந்து பஸ் ஏறி வருகிற மாணவன் ஏன் பக்கத்திலேயே இருக்கிற பழங்குடி கிராமமான வாச்சாத்தியைச் சொல்வதில்லை? 1992 ஜூன் 20இல் சந்தனக்கட்டைச் சோதனை என்று போனவர்கள் ஊரைச் சூறையாடி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமை அது, சி.பி.ஐ. விசாரணைக்கே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 2011 செப்டம்பர் 29இல் நம் தருமபுரி நீதிமன்றத்தில்தான் உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2023இல் அதே செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை வருடம் அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு வந்துபோய் பின்வாங்காமல் சாட்சி சொன்னார்கள். ஒரு சாட்சியை இத்தனை வருடம் கைவிடாமல் கூட நிற்பது எப்படி என்று ஒரு மாணவன் யோசித்துப் பேசினால், கேட்கிற அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

குழந்தைத் திருமணம் பற்றிய கேள்வி தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் வராமல் இருக்காது. இரவு பத்து மணிக்கு போன் வருகிறது, காலையில் பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம், என்ன செய்வீர்கள்? குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பிரிவு 13இல் மாஜிஸ்திரேட்டிடம் தடையுத்தரவு வாங்கலாம் என்கிறார்கள், சரிதான். குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்வேன், மாவட்ட சமூக நல அலுவலருக்குச் சொல்வேன் என்பதும் சரி. போன் செய்தது அந்தப் பெண்ணின் வகுப்புத் தோழியாக இருந்தால் அவள் பெயர் ஊருக்குள் தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டதும்தான் நின்றுவிடுகிறார்கள். இதற்குப் பதில் சமூக நலத்துறையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களை ஒரு நாள் கல்லூரிக்குக் கூப்பிட்டால் போதும்.

நான் கேட்பது அதைத்தான். சட்டக் கல்லூரி, வழக்கறிஞர் சங்கம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூன்றும் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை ஒதுக்கட்டும். சட்ட உதவி வழக்கறிஞர்கள், தொழிலாளர் துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று அந்தந்த வேலையில் இருப்பவர்களே எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். இன்டர்ன்ஷிப் என்று பார் கவுன்சில் விதியில் ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரம், மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரம் சொல்லியிருக்கிறது. எங்களைப் போன்ற வழக்கறிஞர்களில் சிலர் பிள்ளைகள் ஒரு நாள்கூட வராமலே சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம், உதவி என்று நினைத்துத்தான் போடுகிறோம், அது அவர்களுக்குச் செய்கிற துரோகம். அந்த வாரங்களில் பார்த்ததை டைரியில் எழுதி வைத்திருந்தால் நேர்முகத் தேர்வுக்கு முந்தின ராத்திரி படிக்க வேண்டியது அது மட்டும்தான்.

வேலைக்கு எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வேலை செய்யப் போகிற ஆளை எதற்கு முழுக்க முழுக்க ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறீர்கள்? அவர் பேசப் போகிறவர்கள் சித்தேரி மலையிலும் அஞ்செட்டியிலும் இருக்கிறவர்கள். சென்னையில் ஒரு நிறுவனம் காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லிவிட்டு மாலை நாலு மணிக்கு ஐந்து நிமிடம் பேசி அனுப்பியது, அந்தப் பெண் மொரப்பூரில் ராத்திரி ரயில் ஏறி, சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு போனவள். முதல் சுற்றையாவது வீடியோவில் நடத்துங்கள், இல்லாவிட்டால் போக்குவரத்துச் செலவையாவது கொடுங்கள்.

இந்தக் கடிதத்தை முடிந்தால் மாவட்டப் பக்கத்திலேயே போடுங்கள். கல்லூரி நூலகத்தில் பிள்ளைகள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான் என்று என்னிடம் போன் செய்த மூவரில் ஒருத்தி சொன்னாள்.

இப்படிக்கு,
ஒரு பெண் வழக்கறிஞர்,
தருமபுரி.