பழைய பேஸில் குறடு வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளூர் இசைக்குழுக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால், குறடால் மெட்டுகளை (கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளை) பிடுங்கி, பள்ளங்களில் மரத்தூளும் பசையும் அடைத்தால் எந்தப் பழைய பேஸ் கிட்டாரும் ஃப்ரெட்லெஸ், அதாவது மெட்டில்லாத கருவி, ஆகிவிடும் என்று அதில் ஒரு வரி. அதை நம்பி யாராவது அலமாரி மேல் கிடக்கும் பேஸில் கை வைத்தால், போனது போனதுதான்.

ஃப்ரெட்லெஸ் ஆசை நியாயமானதே. கமகம் பேச வேண்டும், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வேண்டும் என்றால் மெட்டு குறுக்கே நிற்கும். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆனால் வீணைக்கு மேளம் கட்டுபவர், அதாவது மெட்டு பதிப்பவர், மெழுகை இளக்கி 24 மெட்டையும் எடுத்து மறுபடி பதித்துவிடுவார். பேஸில் மெழுகு கிடையாது. மெட்டின் அடித்தகட்டில் உள்ள சின்னப் பற்கள் மரத்தைக் கவ்வியிருக்கும். இழுத்தால் சில்லும் சேர்ந்து வரும்.

அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸ் 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸை வைத்து இதைச் செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்ததாகத்தான் கதை. அப்போது அது பத்து வயதான, கைமாறிய கருவி, அவ்வளவுதான். இன்று அதே ஆண்டுக் கருவி மெட்டும் பழைய பெயின்ட்டும் கலையாமல் இருப்பதற்குத்தான் விலை. ஆம்பெக் நிறுவனம் 1966-இலும் ஃபெண்டர் 1970-இலும் ஃப்ரெட்லெஸ்ஸைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்கத் தொடங்கிவிட்டன.

ஆகவே முதலில், கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் விற்பவர் சொல்லும் வயது கணக்கில் வராது. கழுத்தைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளைக் கழற்றினால், பல ஃபெண்டர்களில் கழுத்தின் அடியில் முத்திரையோ பென்சில் எழுத்தோ தேதி சொல்லும். உள்ளே வால்யூம் பாட் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு பாகம்) முதுகில் 1376633 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 66 ஆண்டு, 33 வாரம். அது அந்த பாட் செய்த தேதி மட்டுமே. கிட்டார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம். ஃபெண்டர் 1966-இல் மொத்தமாக வாங்கிய பாட்கள் சில ஆண்டு கழித்து வந்த கருவிகளிலும் உண்டு. ஜப்பானியக் கருவிகளில் 1975-க்குப் பிந்திய ஐபனெஸ் எண் பெரும்பாலும் எளிது: முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஜி, 78 என்றால் 1978 ஜூலை. ஜேவி என்று எண் தொடங்கும் ஃபெண்டர், 1982-இல் ஜப்பானில் தொடங்கிய முதல் வரிசை. இவற்றில் எதுவாக இருந்தாலும் குறடைக் கீழே வையுங்கள். பழைய சால்டரையும் கலைக்காதீர்கள். பாட் கரகரத்தால் மாற்ற வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்து முறை திருப்பினாலே பெரும்பாலும் சரியாகும்.

இத்தகைய கருவிக்கு வழி, வேறொரு ஃப்ரெட்லெஸ் கழுத்து வாங்கிப் பூட்டுவது. வாங்கும் முன் இரண்டு அளவு போதும். நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தி தாங்கும் பள்ளக் கட்டை) 12-ஆம் மெட்டு வரை 431.8 மி.மீ. இருந்தால் 34 அங்குல ஸ்கேல், அதாவது தந்தி அதிரும் நீளம். பழைய ஜப்பானிய பேஸ்களில் 30 அங்குலமும் உண்டு, அதற்கு இது சேராது. கழுத்தின் அடி அகலம் ஃபெண்டர் வகையில் ஏறத்தாழ 63.5 மி.மீ.; ஜப்பானியக் காப்பிகளில் ஒன்றிரண்டு மி.மீ. மாறும். திருகாணித் துளையை 3.2 மி.மீ. பிட்டால் போடுங்கள், இழையில் சோப்பைத் தேய்த்தால் மேப்பிள் மரம் பிளக்காது. கழற்றிய கழுத்தின் ட்ரஸ் ராடை (உள்ளே ஓடி வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) தளர்த்தி வைக்க மறக்கக் கூடாது. நான்கு தந்திகளின் இழுவை 70 கிலோவைத் தாண்டும். அது இல்லாதபோது இறுகிய ராட் கழுத்தைப் பின்னுக்கு வளைத்துவிடும்.

மலிவான புது பேஸ் என்றால் தாராளமாகப் பிடுங்கலாம், சரியாகச் செய்தால். சால்டரிங் அயர்னை மெட்டின் மேல் 15 முதல் 20 விநாடி வைத்துச் சூடேற்றுங்கள். வாய்முகம் தட்டையாகத் தேய்த்த எண்ட் கட்டரை ஓரத்திலிருந்து நுழைத்து, இழுக்காமல் மெல்லக் கவ்வி நகர்த்தினால் மெட்டு தானாக மேலேறும். வார்னிஷ் பூசிய மேப்பிள் விரல் பலகை என்றால் மெட்டின் இரு பக்கமும் முன்கூட்டியே பிளேடால் கீறிவிட வேண்டும். பெயர்ந்த சில்லை அங்கேயே சூப்பர் குளூவால் ஒட்டுங்கள்.

பள்ளத்தை வெறுமனே விட்டால் தந்தி இழுவையில் அது நெருங்கி, கழுத்து முன்னுக்கு வளையும். மரத்தூள் பசை அந்த நெருக்கத்தைத் தாங்காது. 0.6 மி.மீ. வெனீர் (மெல்லிய மரத்தகடு) பட்டை வேண்டும், அதுவும் விரலால் அழுத்தினால் இறங்கும் அளவுக்கு. சுத்தியலால் அடித்து இறக்கும் தடிமன் என்றால் இருபது ஆப்பும் சேர்ந்து கழுத்தைப் பின்னுக்குத் தள்ளும். தண்ணீர் கலந்த மரப்பசை பட்டையை ஊதவைக்கும். மெல்லிய சூப்பர் குளூ நல்லது. பிறகு ராடைத் திருப்பிக் கழுத்தை நேராக்கி, பலகையின் வளைவுக்கேற்ற கட்டையில் 120, 220, 400 என்று தாள் மாற்றித் தேய்க்கலாம். எபாக்ஸி பூசுவதானால் மழை நாளைத் தவிர்க்கவும். ஈரக்காற்றில் மேலே பிசுபிசுப்பான படலம் பிடிக்கும். அதைத் தண்ணீரால் கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு ஒட்டாது.

மெட்டு போனதும் தந்தி ஏறத்தாழ 1 மி.மீ. கூடுதல் உயரத்தில் தொங்கும். நட் பள்ளத்தைத் தாழ்த்தி, அங்கே பலகைக்கும் தந்திக்கும் இடையே 0.3 மி.மீ. விடுங்கள். இடைவெளி அளக்க மோட்டார் சைக்கிள் பட்டறை ஃபீலர் கேஜ் போதும். மறுமுனையில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் அடிமட்டம் வந்தும் தந்தி இறங்கவில்லை என்றால் கழுத்து உட்காரும் குழி முழுவதையும் அடைக்கும் சரிவான மரத்தகடு வைக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் அட்டைத் துண்டு செருகினால் நடுவில் இடைவெளி விழும். வாசிக்கும்போது விரல், மெட்டு இருந்த கோட்டின் மேலேயே படவேண்டும். மெட்டுக்குப் பின்னால் அழுத்திய பழக்கம் போகாதவருக்கு எல்லாச் சுரமும் இறங்கியே கேட்கும். பூச்சில்லாத ரோஸ்வுட்டில் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்தி சீக்கிரமே கோடு போடும், ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) போடுங்கள்.

இரவெல்லாம் ஏர்கோனிலும் பகலில் பினாங்கின் ஈரக்காற்றிலும் கிடக்கும் கழுத்து நகர்ந்துகொண்டே இருக்கும். ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து 500 மலேசிய வெள்ளிக்குள் கழுத்து வாங்கினால் 2024 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. ரோஸ்வுட்டுக்கான சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளும் அவற்றின் பாகங்களும் 2019 நவம்பரில் விலக்கப்பட்டன. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. 1960களின் நடு வரை வந்த பல ஃபெண்டர்களின் பலகை அந்த மரம்தான், எல்லை தாண்டி விற்கும் முன் அனுமதி கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு பதிப்பில் ஒரு திருத்தம் வெளியிட்டால் நல்லது. இடமில்லை என்றால் 'பிடுங்கி' என்ற சொல்லுக்கு முன்னால் 'சூடேற்றி' என்றாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு