பல்பை மாற்றச் சொல்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார்களைப் பழுது பார்ப்பது குறித்துத் தங்கள் இதழில் வாசகர்கள் எழுதும் யோசனைகளை விடாமல் படிப்பவன் நான். கார்புரேட்டர் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கை கறுத்தவர்கள், நம்பிப் படிக்கலாம். மின்சார விஷயத்தில்தான் வயிற்றைக் கலக்குகிறது.

'முகப்பு விளக்கு மங்கலா? 100 வாட் பல்பு போடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 12 வோல்ட் காரில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல். இரண்டு விளக்குக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் தனி சுவிட்ச்) இல்லாத பழைய கார்களில் அத்தனை மின்னோட்டமும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. என் நண்பரின் காரில் சுவிட்சின் பிளாஸ்டிக் இளகி, வயரின் மேலுறை பழுப்பேறி, தொட்டால் பொடிந்தது. இத்தனைக்கும் மங்கலுக்குக் காரணம் பல்பே அல்ல. எர்த் வயரை, அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வயரை, கார் பாடியில் முடுக்கியிருந்த இடம் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் பழைய வாட் பல்பே பளிச்சென்று எரிந்தது.

பிரேக் ஆயிலிலும் இதே அவசரம். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. அதில் டாட் 5 சிலிக்கான் வகை. டாட் 3, டாட் 4 ஆகியவற்றுடன் கலக்கவே கூடாது. பெயரில் டாட் 5-ஐ நெருங்கினாலும் டாட் 5.1, டாட் 3, 4 போலவே கிளைகால் வகை.

யோசனை எழுதுபவர்கள் காரின் மாடல், ஆண்டு, ரிலே உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதட்டும். இடம் போதாதென்றால் தங்கள் இதழைப் பாராட்டும் வரிகளை வெட்டிவிடுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

— பழைய கார் வைத்திருக்கும் வாசகர்