குசினிச் சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று

பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

தம்பி சனிக்கிழமை காலை ஹட்டன் பஸ்ஸில் கொழும்புக்கு வருகிறான். அவன் கையில் ஒரு உரப்பை கொடுத்துவிடுகிறேன். கழுவிக் காயவைத்த பைதான், மாப்பிள்ளை முகம் சுளிக்க ஒன்றுமில்லை. உள்ளே இருப்பதை எப்படிப் பாவிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். பொங்கல் முடிந்து நீ போன பிறகு நான்கு தடவை எடுத்தேன், வேலையில் இருந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன்.

மேலே மடித்து வைத்திருப்பது ஆறு துணிப் பை. மேட்டு லயத்து அத்தை தைத்தது. எந்தச் சேலை என்று பார்த்த உடனே உனக்குத் தெரியும். அதை வெட்ட அத்தைக்கு மனம் வரவில்லை, மூன்று நாள் கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நான்தான் வெட்டச் சொன்னேன். டிரங்குப் பெட்டிக்குள் கிடந்து பூச்சி அரிப்பதைவிட உன் கையோடு கடைக்குப் போய்வரட்டும். ஒன்றை வாசல் ஆணியில் மாட்டு, ஒன்றை வேலைக்குக் கொண்டுபோகும் பைக்குள் வை, ஒன்று மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில் இருக்கட்டும். அலுமாரிக்குள் வைத்தால் கடையில் போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வரும், அப்புறம் இன்னொரு ஷொப்பிங் பேக் வீட்டுக்கு வரும்.

அதற்குக் கீழே தேங்காய்த் தும்பு, உள்ளங்கை அளவுக்குச் சுருட்டிக் கட்டியது, பத்து இருக்கிறது. உன் சிங்கில் கிடக்கும் ஸ்பொஞ்ச் பிளாஸ்டிக்கில் செய்தது, தேயத் தேயத் துணுக்குத் துணுக்காகத் தண்ணீரோடு போகிறது. தும்பு பிய்ந்துபோனால் பூச்சட்டியில் போடு, மக்கிவிடும். பாத்திரம் கழுவிய பிறகு வெயில் படும் இடத்தில் வை. சிரட்டை அகப்பை இரண்டும் நானே செதுக்கியது, ஒன்றின் காம்பு கொஞ்சம் கோணல்.

வாழையிலையும் இருக்கிறது, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வாழையில் அறுத்தது. அனலில் வாட்டியிருப்பதால் மடித்தாலும் கிழியாது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மாப்பிள்ளைக்கு அதில் சோறு கட்டிக்கொடு. சுடுசோற்றையும் குழம்பையும் பொலித்தீனில் கொட்டாதே. 2017 செப்டெம்பரில் சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டையும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் அரசாங்கமே தடை செய்தது. அதற்கு எத்தனையோ வருடம் முன்னால் அம்மா உனக்கு ரொட்டியும் சம்பலும் இலையில்தான் கட்டிக்கொடுத்தாள். மற்றப் பிள்ளைகள் லஞ்ச் ஷீட்டில் கொண்டுவருகிறார்கள், நான் மட்டும் இலையை மறைத்துவைத்துச் சாப்பிடுகிறேன் என்று நீ அவளிடம் அழுதிருக்கிறாய். இரவு என்னிடம் சொன்னாள். மறுநாளே நோர்வூட்டுக்குப் போய் ஒரு கட்டு லஞ்ச் ஷீட் வாங்கிவந்து உன் முன்னால் வைத்தேன். உனக்கு எவ்வளவு சந்தோஷம். எனக்கும் என்னவோ பெரிதாகச் செய்துவிட்டது போல இருந்தது. இப்போது எங்கள் தோட்டத்திலிருந்து படித்துக் கொழும்பில் மேசை போட்டு வேலை பார்க்கிற பிள்ளை யார் என்று கேட்டால் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள், அந்தப் பிள்ளை இலையில் சாப்பிட்டு வளர்ந்தது என்று நானும் சொல்லிக்கொள்கிறேன், அதை மாற்றியதும் நான்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

சமையல் கழிவை என்ன செய்கிறாய்? எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கீழே வைக்காதே. 2017 வருடப்பிறப்பு நினைவிருக்கிறதா? ஏப்ரல் 14, கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகள் புதைந்து 30க்கும் மேற்பட்ட சனம் செத்தது. நீ லீவு கிடைக்காமல் அதற்குப் பக்கத்தில் கொலன்னாவை போர்டிங்கில் நின்றாய். போன் போகவில்லை. அம்மா பீலிக்கரையில் உட்கார்ந்தவள் எழும்பவே இல்லை, இரவு எட்டு மணிக்கு உன் குரலைக் கேட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தாள். மழைக்கு மண்மேடு சரியும் என்று பயந்தே வாழ்கிறவர்கள் நாங்கள், குப்பை சரிந்து ஆள் சாகும் என்று அன்றுவரை நினைத்ததே இல்லை. அந்த மேட்டில் பாதிக்கு மேல் மரக்கறித் தோலும் பழைய சோறுமாகத்தான் இருந்திருக்கும். உன் பல்கனியில் பழைய பெயின்ட் வாளி ஒன்றை வை, அடியிலும் பக்கத்திலும் துளை போடு. ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்தது போடு, சருகோ தும்புத் தூளோ கிழித்த அட்டைப்பெட்டியோ எதுவானாலும் சரி. தேயிலைச் சக்கை, முட்டை ஓடு எல்லாம் போடலாம். மீனும் இறைச்சியும் போடாதே. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் காய்ந்ததைப் போட்டுக் கிளறிவிடு. மூன்று மாதத்தில் நல்ல மண் கிடைக்கும். தொடங்குவதற்கு என் குழியிலிருந்து ஒரு பை மண் அனுப்பியிருக்கிறேன், அதில் ஒரு கை போட்டாலே போதும்.

உன் வீட்டுக் குழாயில் வருவது எங்கள் தண்ணீர்தான், தெரியுமா. நம் ஓடை கெசல்கமு ஓயாவில் விழுந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, கீழே போய் மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது, அதைத்தான் அம்பத்தலையில் சுத்தம் செய்து கொழும்புக்கு அனுப்புகிறார்கள். இதை நினைத்து முன்பு பெருமைப்படுவேன். இப்போது ஓடையில் ஷாம்பு பாக்கெட்டும் சவர்க்கார உறையும் மிதப்பதைப் பார்க்கும்போது, இது என் பேத்தி குளிக்கிற தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு ஒரு கம்பியோடு போய் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பையன்களும் கூட வருகிறார்கள்.

சின்னதுக்கு வெள்ளைத் துணி 12 வெட்டி அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போட்டது. பேம்பர்ஸ் பயணத்துக்கு மட்டும் போதும். நுளம்புச் சுருள் கொளுத்தாதே, கதவைச் சாத்திக்கொண்டு கொளுத்தவே கொளுத்தாதே, நெட் கட்டு. சமைக்கும்போது ஜன்னலைத் திற. கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தையும் வெள்ளைத் துணிக்கு ஊற்றும் கிளோரினையும் ஒன்றாகக் கலக்காதே, அந்த நெடி நெஞ்சை அடைத்துவிடும். சிங்குக்குத் தேசிக்காய்த் தோலும் உப்பும் போதும். சாம்பிராணி போட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வை.

சாம்பிராணி என்று எழுதியதும் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும். வைக்காதே.

பொங்கலுக்கு வந்தபோது அத்தை ஆசையாகச் சின்னதைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டத் தணல் கொண்டுவந்தாள். நாலு பேர் முன்னால் அந்தத் தட்டை நீ அப்படித் தட்டிவிட்டிருக்கக் கூடாது பாப்பா. உன்னைக் குளிப்பாட்டிய கைதான் அது. ஆனால் நான் பேசியது அதைவிட மோசம். நீயும் இந்தப் புகையில்தான் வளர்ந்தாய், உனக்கு என்ன வந்தது என்று சத்தம் போட்டேன். நீ பதிலே சொல்லவில்லை. அன்று பின்னேரமே ஜன்னல் பக்கம் நின்று நான் பின்பக்கத்தில் பேம்பர்ஸ் எரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017இலேயே தடை செய்ததுதான், தெரிந்தேதான் எரித்தேன். விடிந்ததும் கிளம்பிவிட்டீர்கள், இரண்டு நாள் முன்னதாகவே.

உனக்கு என்ன வந்தது என்று கேட்டேனே, பரீட்சைக் காலத்தில் உனக்கு மூச்சு இழுத்ததை மறந்து கேட்டேன். உன் அம்மாவை மறந்து கேட்டேன்.

இது உனக்குத் தெரியாது, அம்மா சொல்லியிருக்க மாட்டாள். 2011இல் அவளுக்குச் சீட்டு விழுந்தது. குசினிக்குப் புகைபோக்கி வைக்கத்தான் அந்தச் சீட்டே பிடித்தாள், தகரம் எவ்வளவு, சீமெந்து எவ்வளவு என்று உன் பழைய கொப்பியில் எழுதிக்கூட வைத்திருந்தாள். உலகக் கிண்ண மட்ச் வருகிறது என்று அந்தக் காசை எடுத்து நான் டீவி வாங்கினேன். வாடகைக்கு எடுத்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய். இறுதி மட்ச் அன்று லயத்துச் சனமே நம் காம்பரா அறையில் உட்கார்ந்திருந்தது, அவள் உள்ளே அத்தனை பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் நீ உயர்தரப் பரீட்சை எழுதினாய், குளிருக்கு அடுப்படியில் உட்கார்ந்துதான் படித்தாய். மழை நாளில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிய மிலாறு விறகு ஈரமாக இருக்கும், பற்றாது, நான்தான் ஷொப்பிங் பேக்கைச் சுருட்டி அடுப்பில் செருகிப் பற்றவைப்பேன், சட்டென்று பிடிக்கும். அவள் வேண்டாம் என்பாள். நாறுகிறது என்பாள். நான் கேட்கவில்லை.

30 வருடம் பெக்டரியில் தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு போட்டேன். குழாயில் ஒரு சின்ன வெடிப்பு விழுந்தாலும் தேயிலை புகை வாடையைப் பிடித்துக்கொள்ளும், ஏலத்தில் விலை போகாது, அதனால் வாரா வாரம் தட்டித் தட்டிப் பார்ப்பேன். தேயிலையில் புகை படாமல் அவ்வளவு கவனமாகப் பார்த்தவன் வீட்டில் ஒரு தகரக் குழாய் வைக்கவில்லை. பிறகு கிளினிக்கில் டொக்டர் அம்மாவிடம் விறகடுப்பா, எத்தனை வருடமாக என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழகிவிட்டது ஐயா என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்லாமல் இனி யாரிடம் சொல்வது.

இப்போது புகைபோக்கி வைத்தாயிற்று. நீ போன மறுவாரமே டீவியை விற்றுவிட்டேன், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, தகரத்துக்குப் போதுமாக இருந்தது, மிச்சத்தைத் தம்பி போட்டான். அனகி என்கிற மண் அடுப்பு ஒன்று வாங்கிக் களிமண் பூசிப் பதித்திருக்கிறேன், ஒரே தீயில் இரண்டு சட்டி வேகிறது, பாதி மிலாறுகூடச் செலவாவதில்லை. 2022இல் காஸ் இல்லாமல் நீ மொட்டை மாடியில் மூன்று கல் வைத்துச் சமைத்தபோதே இதை வாங்கி அனுப்பியிருக்க வேண்டும். உன்னிடம் காஸ் இருந்தாலும் பருப்பை முதல் நாள் இரவே ஊறவை, சட்டியை மூடிச் சமை, சோறு முக்கால் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துத் துணியால் சுற்றி வை, அதுவே வெந்துவிடும், 12.5 கிலோ சிலிண்டர் இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக வரும். மிலாறை இப்போது ஒரு மாதத்துக்கு மேல் வாசல் இஸ்தோப்பில் அடுக்கிக் காயவைத்துத்தான் எடுக்கிறேன். பற்றவைக்கக் காய்ந்த தோடம்பழத் தோலும் சிரட்டைத் துண்டும். பொலித்தீன் அடுப்புப் பக்கமே போவதில்லை. கூரையில் ஒரு தகட்டை எடுத்துவிட்டு வெளிச்சம் வர கண்ணாடித் தகடு போட்டோம். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தேன், மூன்று தடவை அடித்த பிறகுதான் கறுப்பு மறைந்தது, அம்மா தலைசாய்த்த மூலையில் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது. அத்தையும் இப்போது யார் வீட்டுக் குழந்தைக்கும் தணல் பிடிப்பதில்லை. நீ சொன்னதைப் பற்றி அவள் இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன், உன்னைக் குறைசொல்லிப் பேசவில்லை.

சித்திரைக்கு வா என்று கூப்பிடவில்லை. உனக்கு எப்போது வசதியோ அப்போது வா. பைகளை வாசல் ஆணியில் மாட்ட மறக்காதே.

தம்பி வாய் தவறி ஒன்று சொல்லிவிட்டான், சின்னதுக்கு மூச்சுக்கு நெபுலைசர் வைத்தீர்களாம், இரண்டு தடவையாம். அவனைத் திட்டாதே, நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கு நீ போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. இரவில் அது எப்படித் தூங்குகிறது என்று மட்டும் அவனிடம் சொல்லி அனுப்பு.

அப்பா