பிள்ளையிடம் கேட்டுப் பார், மச்சான்

திருகோணமலை,
ஆவணி மாதம்.

அன்பு மச்சான்,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. இரவு முழுவதும் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். குடிபூரலுக்கு நாங்கள் வராததற்கு நீ கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று தொலைபேசியில் சொன்னேன். அது பொய். உன் வீட்டு வாசலில் பால் பொங்கிய அன்று உன் மருமகள் வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தாள், மனம் சுகமில்லாமல். மனம் சுகமில்லை என்ற இந்த இரண்டு சொல்லை உனக்கு எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் மூத்தவனைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறாய். அதற்கு வருகிறேன். முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் அந்த வரிகள் ஏன் என்னைத் தூங்க விடவில்லை என்பது உனக்கு விளங்கும்.

மாசி மாதத்திலிருந்தே அவள் மாறிக்கொண்டு வந்தாள். சாதாரண தரப் பரீட்சைப் பயம் என்று நினைத்தோம். இரவு இரண்டு மணிக்கும் அவள் அறையில் வெளிச்சம் தெரிந்தால், பிள்ளை படிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். கொப்பி நாட்கணக்கில் ஒரே பக்கத்தில் திறந்து கிடந்ததை நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. வலைப்பந்து விளையாட்டை விட்டாள். தலை வாருவதை விட்டாள். பாரை மீன் பொரித்தால் குசினியை விட்டு நகராதவள், சட்டியைப் பார்த்ததும் எழுந்து போனாள். சனிக்கிழமை பின்னேரங்களில் நானும் அவளும் டச் பே கடற்கரைக்குப் போய் மணலில் இருந்து கச்சான் கொறிப்பது எங்களுடைய வழக்கம். "நீங்கள் போங்கள் அப்பா" என்றாள். நானும் வேலை இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மாமி கண்ணூறு என்றார். பத்திரகாளி அம்மன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நேர்த்தி வைத்து, கையில் நூல் கட்டிக்கொண்டு வந்தார். அதை நான் குறை சொல்லவில்லை. அந்த நேர்த்தி இன்னும் இருக்கிறது, நிறைவேற்றத்தான் போகிறோம். நூலைக் கட்டியதோடு என் பொறுப்பும் முடிந்துவிட்டது என்று நான் இருந்தேனே, அதுதான் பிழை. பிறகு ஆனி மாதத்தில் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் உளநல வைத்தியரைப் பார்க்கப் பதிவு செய்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் இலக்கம் கிடைத்தது. மூன்று வாரம்தானே, பொறுக்கலாம் என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரச் சனிக்கிழமை பெரியம்மாவின் மகள் வந்திருந்தாள். எங்கள் பிள்ளை தன் வெள்ளிக் கொலுசையும் கைக்கடிகாரத்தையும் எடுத்து அவளுக்குக் கொடுத்தாள். போன வருடம் நான் கொழும்பிலிருந்து வாங்கி வந்த வர்ணப் பெட்டியையும் கொடுத்துவிட்டாள். "எவ்வளவு பெரிய மனசு பார்த்தீர்களா" என்று மனைவி என்னிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள். அன்று இரவு பதினொரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அவள் அலுமாரியைத் திறந்து உடுப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் ஒரு துணியைக்கூடத் தொட்டு மடிக்காத பிள்ளை. எனக்கு நெஞ்சு அடைத்தது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே அவள் மனத்தில் போட்டவன் ஆகிவிடுவேனோ என்று பயந்து கொஞ்ச நேரம் கதவுநிலையைப் பிடித்தபடி நின்றேன். பிறகு கேட்டேன்:

"பிள்ளை, செத்துப்போகலாம் என்று யோசிக்கிறாயா?"

"ஓம் அப்பா" என்றாள். "கன நாளாக."

மச்சான், அவள் அழவில்லை. கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள், சுமையை இறக்கியவள் போல. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, ஏற்கெனவே இருக்கிற எண்ணத்தைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும் என்று வைத்தியர் பிறகு எனக்குச் சொன்னார். அதை நான் அவள் தோள் தளர்ந்த விதத்திலேயே கண்டுவிட்டேன்.

விடியட்டும் என்றார் மாமி. இந்நேரத்தில் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், பொலிஸ் வழக்காகிவிடும், நாளைக்கு யார் இவளைக் கட்டுவார்கள் என்று அழுதார். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவை இந்த நாட்டில் 1998இலேயே நீக்கிவிட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மாமியை ஆறுதலாகத் தேற்றியிருப்பேன், அப்படி ஏசியிருக்க மாட்டேன். மனைவி ஒன்றும் கதைக்கவில்லை. துவாயையும் பல் துலக்கும் தூரிகையையும் இரண்டு சட்டைகளையும் பையில் போட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அவருடைய ஆட்டோவில் போனோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்திருக்கலாம், சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வந்திருக்கும், காசும் வாங்குவதில்லை. விபத்துக்கும் மாரடைப்புக்கும் மட்டும்தான் அதைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

எந்த வைத்தியசாலை என்று நான் எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பதிவு செய்யும் இடத்தில் வழக்கம்போலக் கேட்டார்கள்: "என்ன வருத்தம்?"

எனக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒருவர் தாயைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "வயிற்று வலி" என்றேன்.

நம்மோடு எட்டாம் வகுப்பில் படித்தவனை நீ மறந்திருக்க மாட்டாய். சுவரைப் பார்த்துச் சிரிப்பான். இவனை அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும் என்று வகுப்பே சேர்ந்து பாட்டுக் கட்டியது. மேசையில் தாளம் போட்டவன் நான். அவன் அடுத்த தவணை பள்ளிக்கு வரவில்லை, எங்கே போனான் என்று நாம் ஒருவரும் விசாரிக்கவும் இல்லை. பதிவு மேசைக்கு முன்னால் நின்றபோது அந்தத் தாளம்தான் என் காதில் கேட்டது. என் பிள்ளைக்கும் யாராவது தாளம் போடுவார்கள் என்ற பயத்தில் வாய் தானாகப் பொய் சொன்னது.

அந்தப் பொய்யால் மூன்று மணி நேரம் போயிற்று. இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில் இளம் வைத்தியர் ஒருவர் வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் தெரியும். வலி எந்த இடத்தில் என்று கேட்டார். பிள்ளை சொன்னாள்: "வயிற்றில் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு வாழப் பிடிக்கவில்லை."

பதினாறு வயதுப் பிள்ளை, மச்சான். எனக்கு வராத துணிவு அவளுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் ஒன்று இன்னும் ஆறவில்லை. சிற்றூழியர் ஒருவர் அறையின் மறுகோடியிலிருந்து, "சாகப் போகிறேன் என்கிற பிள்ளை இதுதானா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். அவள் துவாயால் முகத்தை மூடிக்கொண்டாள். அதே இரவில்தான் கிண்ணியாப் பக்கத்துத் தாதி ஒருவர் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டில் ஓரத்தில் வந்து இருந்தார். பிள்ளை சொன்னதை வைத்தியருக்குச் சிங்களத்தில், வைத்தியர் கேட்டதைப் பிள்ளைக்குத் தமிழில், கூட்டாமல் குறைக்காமல் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். நடுவில் ஒரு புத்திமதிகூடச் சொல்லவில்லை. மனத்தில் கிடக்கிறதை இன்னொருவர் வாய்வழியாகச் சொல்ல வேண்டியிருப்பது எவ்வளவு கொடுமை என்று அன்று பார்த்தேன். அந்த வாய் நல்ல வாயாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு பிள்ளையின் உயிர் இருக்கக் கூடாது என்பதற்காக யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சண்டை போட நான் தயாராக இருக்கிறேன்.

பதினொரு நாள் அங்கே இருந்தாள். அவள் வயதுப் பிள்ளைகளுக்கென்று தனி விடுதி இல்லை, பெரிய பெண்களோடுதான் கட்டில். மனைவி துணைக்கு நின்றாள், நான் வெளியே வாங்கில் கிடந்தேன். பிள்ளைகளின் மனநோய்க்கென்றே படித்த வைத்தியர்கள் இந்த நாட்டில் மிகச் சிலர். கொழும்பில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அதற்கான பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்புவதா என்று யோசித்துவிட்டு, வீட்டார் பக்கத்தில் இருப்பது நல்லது என்று இங்கேயே தொடங்கினார்கள்.

ஏன் வந்தது என்று நீயும் கேட்பாய். எல்லோரும் கேட்கிறார்கள். பரீட்சையா, சிநேகிதியோடு பிரச்சினையா, கைத்தொலைபேசியா என்று நானும் துருவித் துருவிக் கேட்டேன். "காரணம் தேடுவதைப் பிறகு வைத்துக்கொள்வோம், இப்போது பக்கத்தில் இருங்கள்" என்றார் வைத்தியர். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், இளம் பிள்ளைகளை அந்த முதல் வாரங்களில்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் உள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொன்னார். என் தொழில் என்ன என்று கேட்டார். விவசாயப் போதனாசிரியர் என்றதும், பூச்சிமருந்து மாதிரி எதுவும் வளவுக்குள் இருக்கக் கூடாது என்றார்.

நான் தம்பலகாமத்தில் வேலை பார்த்த காலம் உனக்குத் தெரியும். 2008இலிருந்து 2011 வரை, மிகவும் நஞ்சான மூன்று விவசாய மருந்துகளை அரசாங்கம் படிப்படியாக நிறுத்தியது. அந்தச் செய்தியை விவசாயிகளிடம் கொண்டுபோனவன் நான். வரம்பில் வைத்து என்னை ஏசினார்கள், புல்லை உன் கையால் பிடுங்குவாயா என்றார்கள். எனக்கும் அது வீண் உத்தரவு போலத்தான் பட்டது. வைத்தியர்தான் இப்போது விளங்கப்படுத்தினார். 1995ஐ ஒட்டி இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேரளவில் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்றாக இருந்தோம். அந்த வருடம் தொடங்கி மோசமான மருந்துகளைத் தடை செய்துகொண்டு வந்தார்கள், பத்து வருடத்தில் கணக்குப் பாதியாக இறங்கியது. நெல் விளைச்சல் குறையவில்லை, அதை வயலில் நின்று நானே பார்த்தவன். சாகும் எண்ணம் உச்சத்தில் நிற்கிற நேரம் பெரும்பாலும் குறுகியது, அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் ஆள் தப்பிவிடலாம் என்றார். நான் கொண்டுபோன உத்தரவு அதற்காகத்தான் என்று இத்தனை வருடம் கழித்து என் பிள்ளையின் கட்டிலடியில் நின்று அறிந்தேன். அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து பின்பக்க அறையைத் துப்புரவாகக் காலி செய்தேன்.

இப்போது பரவாயில்லை. முழுக்கச் சுகம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறோம். தூங்குகிறாள். பரீட்சையை அடுத்த முறை எழுதலாம் என்று முடிவு செய்தோம், அதிபர் நல்ல மனிதர், ஒரு கேள்வி கேட்கவில்லை. போன சனிக்கிழமை கோட்டைப் பக்கம் நடந்தோம். மான் ஒன்று வந்து அவள் கையிலிருந்த வாழைப்பழத் தோலை வாங்கித் தின்றது. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றாள். சில நாள் கட்டிலை விட்டு எழும்ப மாட்டாள், அப்படிப்பட்ட நாட்களில் எனக்கும் பயம் திரும்பி வருகிறது. ஒரு நடுச்சாமம் அந்தப் பயத்தில் 1926க்கு அழைத்தேன். அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. ஒரு பெண்மணி தமிழில் நிதானமாகக் கதைத்தார். அங்கொடை என்ற பெயரைக் கேட்டுத் தாளம் போட்டவனுக்கு அங்கிருந்துதான் ஆறுதல் வந்தது.

இனி உன் கடிதம். "மூத்தவன் இப்போது அமைதியாகிவிட்டான். உயர்தர முடிவு வந்த பிறகு இருந்த கொதிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அறையை விட்டு அதிகம் வருவதில்லை. கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சைக்கிளைத் தம்பிக்கும் கொடுத்துவிட்டான், பொறுப்பு வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். தங்கச்சியும் சந்தோஷப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறாய்.

மச்சான், அந்த மட்டையைப் பற்றி எனக்குத் தெரியும். அவனுடைய பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்தது. அதை இரவில் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய பிள்ளை அவன். எங்கள் வீட்டுக் கொலுசை நினைத்துக்கொண்டு வாசிப்பதால் எனக்கு இப்படித் தோன்றலாம். உண்மையிலேயே அவன் வளர்ந்துவிட்டவனாகவும் இருக்கலாம். அப்படியானால் நேரில் வந்து என்னை ஏசு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் இன்றைக்கே அவனிடம் கேள். சுற்றி வளைக்காதே, "என்ன யோசிக்கிறாய்" என்று பொதுவாகக் கேட்காதே. நான் கேட்ட அதே சொல்லால் கேள். ஓம் என்றால் கோபிக்காதே, அம்மா அப்பாவை நினைத்தாயா என்று கேட்காதே. அவனைத் தனியே விடாதே, கழிப்பறைக்குப் போனாலும் கதவைப் பூட்ட விடாதே. விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போ, அங்கே உளநலப் பிரிவு இருக்கிறது. என்ன வருத்தம் என்று கேட்டால் உள்ளதைச் சொல். பின்னால் யார் நின்றாலும் சொல்.

தொலைபேசியில் சொல்லத்தான் காலையில் இரண்டு முறை அழைத்தேன். உன் கடையில் ஆட்கள் நிற்கிற சத்தம் கேட்டது, உன்னால் கதைக்க முடியாது என்று தெரிந்து வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை இப்போது புறப்படுகிற பஸ்ஸில் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாகரை வழியாக வருகிறான், மத்தியானத்துக்கு முன் உன் கையில் கிடைக்கும். வாசித்ததும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போ. இரவு எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடு. லீவுக் கடிதம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன், சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

என்றும் உன்,
மச்சான்