செயலாளர் ஆண்டறிக்கை 2024/25: கொத்துக்குண்டுத் தடைக்காக நாங்கள் செய்தது

தலைவர், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வாசிகசாலைக் கூரை, முன்பள்ளி, விளையாட்டுப் போட்டி பற்றியெல்லாம் பொருளாளர் கணக்கோடு சேர்த்துச் சொல்லுவார். எங்கள் சனசமூக நிலையத்தில் இந்த வருடம் அதிக நேரமும் அதிக வாக்குவாதமும் போனது கொத்துக்குண்டு மனுவுக்குத்தான். கொத்துக்குண்டு என்றால் நடுவானில் திறந்து பல சிறுகுண்டுகளைச் சிதறவிடுகிற குண்டு.

2024 ஜூலையில் லித்துவேனியப் பாராளுமன்றம் கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையிலிருந்து விலக வாக்களித்தது, 2025 மார்ச் 6 இல் விலகியும் விட்டது. 2010 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிற அந்த உடன்படிக்கையை விட்டுப்போன முதல் நாடு அதுதான். ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களின் பயம் பொய்யில்லை, ஆனால் பயம் வந்ததும் கைவிடுகிற தடை என்றால் அது யாருக்கு?

"அது அவங்கட விசயம், எங்களுக்கென்ன" என்று கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இலங்கை 2018 இல் இதில் சேர்ந்தது, 2019 இல் ஜெனீவாவில் உறுப்பு நாடுகளின் கூட்டத்துக்குத் தலைமையும் தாங்கியது. வெளியே நிற்கும் நாடுகளைச் சேரச் சொல்ல வேண்டும், பாவிக்காமல் தடுக்க முயல வேண்டும் என்று 21ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே லித்துவேனியாவைத் திரும்பி வரச் சொல்லி இலங்கை வாய்திறக்க வேண்டும், மனுவில் கேட்டது அவ்வளவுதான்.

கையெழுத்து வாங்கப் போனால், "பிறகு யாரும் வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்களோ" என்று கேட்டவர்கள்தான் கூட. கண்ணிவெடி அகற்றும் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் வந்து பேசிய பிறகுதான் நிலைமை மாறியது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோஸில் 27 கோடிக்கு மேல் சிறுகுண்டுகளைப் போட்டது, அதில் ஏறக்குறைய 30 சதவீதம் வெடிக்காமல் மண்ணில் கிடந்தது, பந்து என்று நினைத்து எடுக்கும் பிள்ளைகள் சாகிறார்கள் என்று அவர்கள் சொன்னபோது ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

வன்னியில் கொத்துக்குண்டு எச்சங்கள் கண்டதாக 2012 இலும் 2016 இலும் செய்தி வந்ததும் அரசாங்கம் மறுத்ததும் உங்களுக்குத் தெரியும். அதை மனுவுக்குள் இழுக்க வேண்டாம் என்று நிர்வாகசபை முடிவெடுத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான்.

கொழும்புக்கு அனுப்பிய மனுவுக்கு, கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்திருக்கிறது. அப்புறம் பின்லாந்து, போலந்து, லித்துவேனியா உட்பட மூன்று பால்டிக் நாடுகள் எல்லாம் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலிருந்து வெளியேற முடிவெடுத்துவிட்டன, அதனால் அடுத்த கடிதம் இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சிங்களப் பிரதியைச் சரிபார்க்க ஆள் தேவை. யாராவது முன்வந்தால் இன்று தேநீருக்கு முன் என்னிடம் பெயர் தாருங்கள்.

செயலாளர்