நம் கட்டடத்தின் வெளிச்சுவர்ப் பணிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் குடியிருப்பின் வெளிப்புறத்தில் பூசாத செங்கல் சுவர் இருக்கிறது, கான்கிரீட் தூண்களும் சன்ஷேடுகளும் இருக்கின்றன, கீழே கல் பதித்த பீடமும் படிகளும் இருக்கின்றன. மூன்றிலும் இப்போது கை வைத்தாக வேண்டும். மாதப் பராமரிப்புத் தொகை லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் துப்புரவுக்குமே சரியாகப் போய்விடுகிறது. அதனால்தான் இதற்கென்று தனியாக உங்களிடம் வருகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணி முடிந்த பிறகும் கட்டடம் புதிதுபோலப் பளபளக்காது. நாங்கள் கேட்கும் பணத்தில் பெரும்பகுதி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கண்ணில் படாத வேலைகளுக்குத்தான் போகும். "இவ்வளவு கொடுத்தோமே, என்ன செய்தீர்கள்?" என்று நாளை யாரும் கேட்க நேரக் கூடாது. கடிதம் சற்று நீண்டதற்கு அதுதான் காரணம்.

பளபளக்க வைத்துத் தருகிறோம் என்றவர்களும் வந்தார்கள். அதிக அழுத்தத்தில் தண்ணீர் அடிப்பது, கறை போகாத இடத்தில் ஆசிட் ஊற்றுவது, மேலே பளபளப்பான சீலர் (தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு) பூசுவது, நான்கே நாளில் வேலை முடிந்துவிடும். செலவும் குறைவு. குழுவில் சிலருக்கு அதில் ஆசை இருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

சூளையில் வெந்த செங்கல்லுக்கு மேல்தோல்தான் கவசம். அதிக அழுத்தத்தில் பாயும் தண்ணீர் அந்தத் தோலை உரித்துவிடும், கற்களுக்கு நடுவே உள்ள கலவையையும் அரித்துவிடும். தோல் போன செங்கல் முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். ஆசிட் இன்னும் மோசம். அது சுண்ணாம்பைத் தின்னும். செங்கல் சந்துகளில் இருப்பது சுண்ணாம்புக் கலவை. படிக்கல்லும் சுண்ணாம்புக்கல் வகைதான். ஓரத்தில் சுரண்டி எடுத்த தூளில் வினிகர் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது. வினிகருக்கே இப்படி என்றால் ஆசிடுக்கு என்ன ஆகும்? கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் குளோரைடு வேறு இருக்கிறது. அது விரிசல் வழியாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்க நாமே வழி செய்து கொடுத்ததாகும். சீலர் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

சரி, சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது என்ன? பலரும் அதை அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது உப்பு. சுவருக்குள் போன தண்ணீர் செங்கல்லிலும் கலவையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் காற்றில் உலர்ந்துவிட, உப்பு மட்டும் மேலே படிகிறது. அதன் மேல் மறுபடியும் தண்ணீர் அடித்தால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிப் போகும். காய்ந்ததும் மீண்டும் பூக்கும். ஈரமில்லாத நாளில் காய்ந்த பிரஷால் தேய்த்து, விழும் தூளைக் கூட்டி அள்ளிவிடுவதே முதல் வைத்தியம். மேலே பூக்கும் உப்பு அசிங்கம்தானே தவிர, பெரிய ஆபத்து இல்லை. செங்கல்லின் தோலுக்கு உள்பக்கம் படியும் உப்புதான் ஆபத்து. படிகம் வளர வளரத் தோலை உள்ளிருந்து தள்ளும். செங்கல் பொரிந்து உதிர்வது அப்படித்தான்.

ஆக, வெள்ளையைத் துடைப்பதைவிடத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தோம். கைப்பிடிச் சுவரின் மேல்தட்டில் நீளவாக்கில் விரிசல். மழைநீர்க் குழாய் ஒன்று இணைப்பில் கழன்று, ஒவ்வொரு மழைக்கும் மொத்தத் தண்ணீரையும் சுவரிலேயே கொட்டுகிறது. சன்ஷேடுகளின் அடியில் ஓரத்தை ஒட்டி ஒரு சிறு காடி, அதாவது பள்ளக் கோடு, இருக்க வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த இடத்தில் சொட்டி விழுந்துவிடும், சுவர் வரை ஓடாது. நம்முடைய சன்ஷேடுகளில் அந்தக் காடி பெயின்ட் மேல் பெயின்டாக அடித்து அடைந்துபோயிருக்கிறது. கறுப்புக் கோடுகளும் பாசியும் சரியாக அந்த இடங்களுக்குக் கீழேதான் இருக்கின்றன. உங்கள் நன்கொடையில் முதல் செலவு இந்த மூன்றையும் சரிசெய்வதற்கு.

இரண்டாவது, கான்கிரீட். படிக்கட்டுத் தூணில் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்) பெயர்ந்து கம்பி தெரிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம், பி.எச். அளவு 12-க்கும் மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பிக்குத் துரு பயமில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைக்கிறது. காரம் குறைந்த பகுதி கம்பி வரை எட்டியதும், ஈரமும் சேர்ந்தால், துரு ஆரம்பித்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பிளக்கிறது.

பொறியாளர் எங்கள் கண்ணெதிரிலேயே சோதித்துக் காட்டினார். பெயர்ந்த இடத்தின் ஓரத்தைப் புதிதாகக் கொத்தி, தூசியை ஊதிவிட்டு, காரம் இருந்தால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். உள்பக்கம் பளிச்சென்று ரோஜா நிறமானது. வெளி ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் நிறம் மாறாமல் சாம்பலாகவே நின்றது. காரம் செத்துப்போன பகுதி அது. படிக்கட்டுத் தூணில் அந்தப் பட்டை கம்பி வரைக்கும் போய்விட்டது. மற்ற தூண்களில் இன்னும் போகவில்லை என்பதுதான் நல்ல செய்தி. இந்த நிலையில் மேலே சிமென்ட் பூசி மறைப்பது வீண் செலவு. கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவை முழுக்கச் சுரண்டி, கம்பிக்குக் காப்புப் பூச்சு கொடுத்து, பழுதுபார்ப்பதற்கென்றே உள்ள பாலிமர் கலவையால் நிரப்பி, அது இறுகும்வரை ஈரம் காயாமல் காக்க வேண்டும்.

மூன்றாவது, செங்கல் சந்துகள். பின்பக்கச் சுவரின் கீழ்வரிசைகளை ஒருமுறை குனிந்து பாருங்கள். எப்போதோ ஒரு பழுதுபார்ப்பில் சந்துகளைக் கெட்டிச் சிமென்டால் அடைத்திருக்கிறார்கள். அந்தச் சிமென்ட் அப்படியே நிற்கிறது. நடுவில் இருந்த செங்கற்கள் உதிர்ந்து குழிந்துவிட்டன. பார்ப்பதற்குத் தேன்கூடு மாதிரி இருக்கிறது. கலவை எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுவர் அசையும்போது அடி வாங்குவதும் ஈரத்தை வெளியே விடுவதும் கலவையாக இருந்தால், தேய்வது கலவை, அதை மாற்றிக்கொள்ளலாம். கலவை கெட்டியாகிவிட்டால் தேய்வது செங்கல். ஆகவே சுண்ணாம்புக் கலவையில்தான் பாயிண்டிங் (சந்துகளைப் புதிதாக நிரப்பும் வேலை) செய்யப் போகிறோம். பழைய கலவையைச் சந்து அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் சந்து என்றால் 20 முதல் 25 மில்லிமீட்டர். மேலோட்டமாக அப்பினால் அடுத்த மழைக்கே பெயர்ந்து விழும். கட்டர் மெஷின் செங்கல் விளிம்பையும் சேர்த்து வெட்டிவிடும் என்பதால் பெரும்பாலும் உளியால் கையாலேயே எடுக்கச் சொல்லியிருக்கிறோம். மதிப்பீட்டில் கூலி அதிகமாகத் தெரிவது இதனால்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகே கழுவுதல். சாதாரண ஹோஸ் தண்ணீரும் நைலான் பிரஷும்தான். தேவைப்பட்டால் மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, எந்த நிலையிலும் 400 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டு அழுத்தம்) மேல் போகாமல். இரும்புக் கம்பி பிரஷைச் சுவர்ப் பக்கம் கொண்டுவர விடமாட்டோம். அதன் துகள்கள் கல்லில் சிக்கித் துருக்கறையாகிவிடும். முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற இடங்கள். வண்டி நிறுத்தும் இடத்து எண்ணெய்க் கறைக்கு உறிஞ்சும் களிமண் தூளைக் கரைப்பானில் குழைத்து அப்பி மூடி வைப்பார்கள். கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது.

சீலர் வேண்டவே வேண்டாமா என்று கேட்பீர்கள். மழைச்சாரல் நேராக அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் சிலேன்–சிலாக்சேன் வகை பூசலாம் என்பது பொறியாளரின் கருத்து. அது மேலே படலமாக நிற்காமல் உள்ளே ஊறிக்கொள்ளும். வெளித்தண்ணீரைத் தடுக்கும், உள் ஈரத்தை ஆவியாக வெளியே விடும். பளபளப்பாகப் படலம் கட்டும் வகை உள் ஈரத்தைப் பூட்டி வைத்துவிடும். எதுவானாலும் சுவர் முழுக்க உலர்ந்த பிறகுதான், விரிசல்களையும் சந்துகளையும் அடைத்த பிறகுதான்.

பணம் போதாவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் சீலர் பூசுவதைக் கைவிடுவோம், அடுத்து கழுவுதலை. தண்ணீர் வழிகளையும் தூணையும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போட மாட்டோம். மீதமானால் அது பொதுச் செலவில் கலக்காது. ஆண்டுதோறும் மழைக்கு முன் குழாய்களையும் மேல்தட்டையும் பார்க்கும் வேலைக்கென்று தனிக் கணக்கில் இருக்கும்.

நன்கொடைக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று எதுவும் வைக்கவில்லை. வீட்டு உரிமையாளர்கள் வீட்டின் பரப்பளவை ஒரு அளவாக வைத்துக்கொண்டு யோசித்தால் நல்லது. வாடகைக்கு இருப்பவர்கள் கட்டாயம் தர வேண்டியதில்லை. தந்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். மொத்தமாக முடியாதவர்கள் தவணையாகத் தரலாம். பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள், கையில் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ரசீது கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மதிப்பீடு, பொறியாளரின் அறிக்கை, படங்கள் மூன்றும் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. வரவு செலவும் அங்கேயே ஒட்டப்படும். கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் மதிப்பீட்டைப் படித்துக் குறை சொன்னால் அதுவும் எங்களுக்கு நன்கொடைதான்.

அப்புறம், பால்கனிச் சுவரைத் தாங்களாகவே கழுவ நினைப்பவர்களுக்கு: ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். சுவரில் முளைத்த செடியையும் பிடுங்க வேண்டாம். வேரோடு கலவையும் வந்துவிடும். எந்த வீட்டுப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள், சாரம் கட்டும்போது வெட்டிக் காயவிட்டு எடுக்கச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
வெளிச்சுவர்ப் பராமரிப்புக் குழு